பெரிய வீட்டில் ஒரு சின்ன மூலை: செட்டிநாட்டு வீட்டுக்கு நாய்க்குட்டி வரும் முன்பும் வந்த பின்பும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நாய்க்குட்டி வாங்கப்போகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "வீடு பெருசாக் கெடக்கு, காவலுக்கு ஒண்ணு வேணும்." ஆசை நியாயமானது. ஆனால் எட்டு வாரக் குட்டியை நாம்தான் காவல் காக்க வேண்டும். அது நமக்குக் காவல் இருக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் உள்ள நம் வீடுகள் குட்டிக்கு வசதி என்று நினைக்கிறோம். உண்மையில் அவ்வளவு பெரிய இடம் அதற்குப் பயம். எங்கே தூங்குவது, எங்கே சிறுநீர் போவது, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எதுவும் பிடிபடாது. அதனால் வீடு முழுவதையும் குட்டிக்காக மாற்றப் பார்க்காதீர்கள். ஒரு மூலையையும் ஓர் ஆளின் நேரத்தையும் முழுதாக ஒதுக்குங்கள். குட்டி பழகப் பழக வீட்டைக் கட்டுக் கட்டாக, அதாவது ஒரு பகுதி பழகியதும் அடுத்த பகுதி என்று, திறந்துவிடலாம். கீழே சொல்வது எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒரு மாதம் முன்பு: ஆளும் நாளும்

குட்டியை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, காலை பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்பது. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போக வேண்டும். இரவிலும் ஒன்றிரண்டு முறை எழ வேண்டியிருக்கும். இதை "எல்லாரும் சேர்ந்து பாத்துக்குவோம்" என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லி ஒருவரை முடிவு செய்யுங்கள். அவருக்கு முடியாத நாளுக்கு இன்னொருவர்.

சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, சாயங்காலம் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகும் ஆள் மட்டும் உள்ள வீட்டுக்குக் குட்டி வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆள் இல்லாத வீட்டில் சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்ந்த நாய், பயத்தில் குரைக்கவும் கடிக்கவும்தான் கற்றுக்கொள்ளும். அது காவல் ஆகாது. அந்த வீட்டுக்கு நல்ல பூட்டும் கேமராவும் போதும்.

பங்காளிகள் சேர்ந்து அனுபவிக்கும் வீடு என்றால் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், பொது; யாருடைய அறைக் கதவைக் குட்டி பிராண்டினாலும் பேச்சு வரும். அப்பத்தாவோ ஆயாவோ "நடுவீட்டுக்குள்ள நாயா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுங்கள். சாமி அறையும், நடுவீட்டுக் கோலம் போடும் இடமும் குட்டிக்குக் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்தால் பிணக்கு வராது. நாய்க்கும் அது நல்லது; எது தன் இடம், எது இல்லை என்பது தெளிவாக இருந்தால் சீக்கிரம் படியும். நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டியில் வைரவரை வணங்கி வளர்ந்த பெரியவர்களுக்கு, அவருடைய வாகனமான நாயின் மேல் உள்ளூர ஒரு பரிவு இருக்கத்தான் செய்யும். குட்டி வந்த சில வாரங்களில் அதற்குச் சோறு வைத்தாயிற்றா என்று முதலில் கேட்பதும் அவர்களாக இருக்கலாம்.

நாள் பார்ப்பதில் பஞ்சாங்கத்தைவிட வீட்டு நடப்பு முக்கியம். கல்யாணம், அறுபது எண்பது வயதுச் சாந்தி, பிள்ளையார் நோன்பு என்று வீடு நிறைய உறவு வரும் சமயத்தில் குட்டியைக் கொண்டுவராதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் பயணமே ஆபத்து. என் கணிப்பில் தை கடைசியும் மாசியும் நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

எந்தக் குட்டி

நம் மண்ணின் வெயிலுக்கு நாட்டு நாய்க்குட்டியைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. தெருவில் குட்டி போட்ட தாயிடம் வளர்ந்த குட்டியை எடுத்தால் அது குறைவான நாய் ஆகிவிடாது. நல்ல உணவும் ஊசியும் கிடைத்தால் அதுவும் அழகாக, புத்திசாலியாக வளரும். இனம் பார்த்துத்தான் வேண்டும் என்றால் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி இருக்கின்றன. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே பிறந்தவை. முற்றத்திலேயே அடைத்து வைத்தால் வீட்டைப் பிய்த்துவிடும். தினமும் ஓடவிடத் தோட்டமோ திடலோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது ஆடுகிறதா, திரும்புகிறதா என்று கூடப் பிறந்த குட்டிகளிலிருந்து தனியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்நாட்டு இனங்களையும், மூக்கு சப்பையான பக், புல்டாக் இனங்களையும் இந்தப் பக்கம் வளர்ப்பதை நான் ஏற்கவில்லை. முன்னவற்றுக்கு உடம்பு முழுக்க அடர்ந்த ரோமம், பின்னவற்றால் மூச்சிரைத்து உடல் சூட்டை ஆற்ற முடியாது. ஏசி அறைக்குள்ளேயே வாழ்நாளை முடிக்க ஒரு நாயை வாங்குவானேன்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளும் அதைத் தடை செய்கின்றன. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான், கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. முடிந்தால் தாயை நேரில் பாருங்கள். தாய் பதறாமல் பக்கத்தில் வந்தால் அது நல்ல அறிகுறி. குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் ரத்தக் குறைவு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் குடற்புழு. வாலையோ காதையோ வெட்டிய குட்டி என்றால் அந்த ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டு வாரம் முன்பு: மூலையைத் தேர்ந்தெடுப்பது

முகப்பு வேண்டாம். ஆள் வருவதும் போவதுமாக இருக்கும், கதவு திறந்தே கிடக்கும், தெருநாய்கள் எட்டிப் பார்க்கும். வளவின் நடுவே திறந்த முற்றமும் வேண்டாம். பகலில் தரை கொதிக்கும், மழையில் நனையும். இரண்டாம் கட்டின் தாழ்வாரத்தில், அடுப்பங்கரைக்குப் போகிற வருகிற ஆட்கள் கண்ணில் படும் ஒரு மூலைதான் சரியான இடம். நிழல் இருக்கும், காற்று வரும், மனிதக் குரல் கேட்கும், பின்வாசலும் தோட்டமும் பக்கத்தில் இருக்கும். நாலடிக்கு ஆறடி போதும். பழைய கதவுப் பலகையோ ப்ளைவுட்டோ கொண்டு இரண்டு பக்கம் அடைத்துவிடலாம். இரண்டடி உயரம் ஆரம்பத்துக்குப் போதும். மூன்று மாதத்தில் தாண்ட ஆரம்பித்துவிடும்.

இடம் முடிவானதும் தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால்தான் அதற்கு அந்த வழவழப்பு. நமக்கு அழகு, குட்டிக்கு வழுக்கல். எலும்பு முற்றாத வயதில் பின்னங்கால்கள் விரிந்து விரிந்து சறுக்கினால் இடுப்பு மூட்டு கெடும், குறிப்பாகப் பெரிய இனங்களுக்கு. சணல் சாக்கை விரித்துத் தையுங்கள், அல்லது அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அதுவே வழுக்கும். குட்டி நாரைப் பிய்த்து விழுங்கும்.

ஆத்தங்குடிக் கல்லின் இன்னொரு குணத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அது சிமென்ட் கல், ஈரத்தை இழுக்கும். சிறுநீரை உடனே துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் லேசான சோப்புக் கரைசல் விட்டுத் துடைத்துவிடுங்கள். ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் அதன்மேல் படக்கூடாது. மேற்பரப்பை அரித்து நிறத்தைத் தின்றுவிடும். பினாயிலும் வேண்டாம். குட்டி தரையை நக்கும், பாதத்தை நக்கும், அந்த நஞ்சு வயிற்றுக்குள் போகும். வாடை நிற்கிற இடத்தில்தான் குட்டி மறுபடி சிறுநீர் போகும் என்பதால், வாடையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். நாய் வளர்ப்புச் சாமான்களில் நான் கட்டாயம் என்று சொல்லும் சிலவற்றில் அது ஒன்று.

இனி அந்த மூலையிலிருந்து குட்டி தப்பி ஓடினால் எட்டக்கூடிய இடங்கள். முழங்காலிட்டு, கையூன்றி, குட்டியின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை வீட்டைச் சுற்றுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும்.

பழைய வீடுகளில் சுவரோரம் தரைமட்டத்தில் இழுத்துவிட்ட வயர்கள் இருக்கும்; பிவிசி குழாய்க்குள் விடுங்கள் அல்லது உயர்த்துங்கள். முற்றத்து மழைநீர் வெளியேறும் துவாரத்துக்கு இரும்பு வலை போடுங்கள். குட்டி தலையை நுழைக்காமலும் இருக்கும், பாம்பு உள்ளே வராமலும் இருக்கும். கிணற்றுக்கு மூடி. மாடிப்படிக்குத் தடுப்பு, நம் வீட்டுப் படிகள் செங்குத்தானவை, ஏறிவிடும், இறங்கத் தெரியாது. ஊஞ்சல் ஆடும் நேரத்தில் குட்டி அந்தக் கூடத்தில் இருக்கக்கூடாது. தேக்குத் தூண்களின் அடியைக் கொறிக்கும் என்று கவலைப்பட்டால், பால்பல் விழும் மூன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை தூண்களைச் சுற்றித் தடித்த சாக்குத்துணி கட்டிவிடுங்கள். கடிக்க வேறு பொருள் கொடுத்தால் தூணைத் தேடாது.

எலி மருந்தை இன்றே எடுத்துவிடுங்கள். பெட்டகசாலையிலும் பரணிலும் எப்போதோ வைத்து மறந்த வில்லைகள் இருக்கும். எலிகளுக்குக் கூண்டுப் பொறி வையுங்கள். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற நாய்க்கு உடனே எதுவும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும். தின்றது தெரிந்த அந்த நேரத்திலேயே உறையோடு மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். எலி இருக்கும் வீட்டில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலும் வரும் என்பதால், தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலையில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆச்சியின் வெற்றிலைப் பெட்டி குட்டிக்கு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் ஒரு சின்னக் குட்டியைக் கொல்லப் போதுமானது, சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். மாத்திரை டப்பாக்களும் அப்படியே. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால், மூட்டு வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபன் இரண்டும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சலாக இருக்கிறதே என்று பாதி மாத்திரை கொடுப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் கொலை.

தோட்டத்தில் அரளி இருக்கும், பூஜைக்கு வேண்டுமே. அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். வெட்ட வேண்டாம்; சுற்றி வேலி போட்டு, உதிர்ந்ததைப் பெருக்கிவிட்டால் போதும். ஆமணக்கு விதை, ஊமத்தை, குன்றிமணி, அலங்காரத்துக்கு வைக்கும் சைகஸ் ஆகியவற்றைக் கண்டிப்பாக அகற்றுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்வினால் குட்டிக்கு நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைக் கழுவி, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக உண்ணி. இது நம் பழைய வீடுகளுக்கே உரிய பெரிய தொல்லை. நாய் உண்ணி ரத்தம் குடித்துக் கீழே விழுந்ததும் சுவர் வழியே மேலே ஏறி, விரிசலிலும் நிலைக்கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வேப்பெண்ணெய், கற்பூரம் என்று நாயின் உடம்பில் மட்டும் எதையாவது தடவிக்கொண்டிருந்தால் சுவரில் இருப்பது அடுத்த மாதம் இறங்கி வரும். குட்டி வரும் முன்பே அந்த மூலையின் சுவர் விரிசல்களைச் சுண்ணாம்பு கொண்டு அடைத்து வெள்ளையடித்துவிடுங்கள். குட்டியின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற உண்ணி மருந்தை மருத்துவர் தருவார். அலட்சியம் கூடாது, ஏனென்றால் எர்லிகியா, பேபேசியா என்ற ரத்த நோய்களை உண்ணிதான் கொண்டுவருகிறது.

சாமான்கள்

அதிகம் வேண்டாம். கனமான எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, மெல்லிய கழுத்துப்பட்டையும் ஆறடி வாரும், கடிக்க ரப்பர் பொம்மை சில, என்சைம் திரவம், உண்ணி எடுக்கும் கொக்கி, படுக்கைக்குப் பழைய கண்டாங்கிச் சேலை. பருத்தி என்பதால் சூட்டைப் பிடித்து வைக்காது, துவைத்தால் காய்ந்துவிடும். ஓலையில் பின்னிய கொட்டானில் படுக்க வைத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், ஒரே நாளில் ஓலையைத் தின்றுவிடும். மெத்தை, சட்டை, வாசனைத் திரவியம் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். அந்தக் காசு தடுப்பூசிக்கு.

குட்டிக்கு முன்பே மருத்துவர்

குட்டி வரும் முன்பே ஊரில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஒரு நடை போய்ப் பேசுங்கள். எந்த நாள், எந்த நேரம் நாய்களைப் பார்க்கிறார்கள், எந்தத் தடுப்பூசி இருக்கிறது, ராத்திரி அவசரம் என்றால் எங்கே போவது என்று கேட்டு எழுதி வையுங்கள். பெரிய அறுவை சிகிச்சையோ பரிசோதனையோ தேவைப்பட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பொதுவான முறை இது. பூச்சி மருந்து பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. டிஸ்டெம்பர், ரத்தக் கழிச்சலைத் தரும் பார்வோ உள்ளிட்ட வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடாவருடம். உங்கள் குட்டிக்கான தேதிகளை மருத்துவர் அட்டையில் குறித்துக் கொடுப்பார். முதல் ஊசி போட்டாயிற்று என்று நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசிதான் மிக முக்கியம்.

பார்வோ கிருமி மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ முன்பு ஒரு குட்டி ரத்தக் கழிச்சலில் இறந்திருந்தால், ஊசிகள் முழுதாக முடியாத குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள். சிமென்ட் தரையை ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது.

ரேபிஸ் பற்றி வீட்டுக் குழந்தைகள் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போடாத குட்டி, அதுவும் தெருவிலிருந்து வந்தது, விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தாலும், பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம். "குட்டிதானே" என்று விடக்கூடாது. அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு மருந்து இல்லை.

வரும் நாளும் முதல் இரவுகளும்

காலையில் கொண்டுவாருங்கள், வெயில் ஏறும் முன். அப்போதுதான் இருட்டும் முன் இடம் பழக ஒரு முழுப் பகல் கிடைக்கும். வண்டியில் மடியில் துணி விரித்து வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் இருந்தால் வாந்தி வருவது குறையும். தாயின் வாடை உள்ள துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். வந்ததும் முதலில் தோட்டத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் இறக்கி, சிறுநீர் போன பிறகு மூலைக்குக் கொண்டுபோங்கள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரண்டு வருவார்கள். வேண்டாம், அடுத்த வாரம் வரட்டும். குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். தூங்குகிற குட்டியை எழுப்பித் தூக்கக்கூடாது என்பதை வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் விதியாகச் சொல்லுங்கள்.

இரவில் அழும். அவ்வளவு நாள் உடன்பிறப்புகளின் சூட்டில் தூங்கியது தனியாகக் கிடக்கிறது, அழாமல் என்ன செய்யும். பின்கட்டில் அடைத்துவிட்டு முன்கட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது கொடுமை. பார்த்துக்கொள்ளும் ஆள் முதல் ஒரு வாரம் அந்தத் தாழ்வாரத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வதுதான் நல்ல வழி. கையை நீட்டினால் குட்டி தொடும் தூரம் போதும். சிணுங்கினால் தூக்கிக் கொஞ்சாமல், விளக்கைப் பெரிதாகப் போடாமல், வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் போகவிட்டு மறுபடி படுக்க வையுங்கள். பிறகு உங்கள் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

சாப்பாடு

குட்டி முன்பு எதைச் சாப்பிட்டதோ அதையே முதல் சில நாட்கள் கொடுங்கள். புது உணவுக்கு ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு.

பால் சோறும் தயிர்ச் சோறும் மட்டும் ஊற்றி வளர்ப்பது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். வயிறு நிறையும், உடம்பு தேறாது. மாட்டுப்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலையும் தரும். வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும். வேகவைத்த கோழிக்கறி, முட்டை, ஈரல் கொஞ்சம், குழைந்த சோறு, பரங்கிக்காய், கேரட். வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் கால்சியம் போதாமல் போகும், மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கான நல்ல பாக்கெட் உணவு கொடுத்தால் அதில் எல்லாம் அளவோடு இருக்கிறது. அதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்றினால் ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சியே கெடும்.

நம் சமையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்கறியிலும் கோழிக் குழம்பிலும் சின்ன வெங்காயமும் பூண்டும் எவ்வளவு போடுகிறோம் என்று நமக்குத் தெரியும். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போட்டால் போதாதா என்றால், போதாது. சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். மசாலா சேர்க்கும் முன் நாலு துண்டைத் தனியாக வேகவைத்துவிடுங்கள். வெந்த எலும்பு கூடவே கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் காய்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டும் விஷம். விருந்து நாளில் இலை எடுக்கும் இடத்துக்குப் போகும் கதவு சாத்தியே இருக்கட்டும்.

பழக்குவது

மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் குட்டியால் பகலில் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி. அதற்குள் ஒவ்வொரு முறையும் ஒரே கதவு வழியாக ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள், போனதும் அங்கேயே பாராட்டிச் சிறு தீனி கொடுங்கள். உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது, துடைப்பத்தால் அடிப்பது எல்லாம், உங்கள் கண்ணில் படாமல் பெட்டகத்துக்குப் பின்னால் போகத்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கும்.

கடித்து விளையாடினால் கையை இழுத்துக்கொண்டு எழுந்து விலகிவிடுங்கள். கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்று சில நாளில் புரிந்துகொள்ளும். வீட்டில் ஒருவர் விலக, இன்னொருவர் கையைக் கொடுத்துச் சிரித்தால் ஒருநாளும் புரியாது.

மூன்று வாரம் முதல் பதினாலு வாரம் வரையான காலத்தில் குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்குப் பிற்காலத்தில் பயப்படாது. ஊசிகள் முடியவில்லை என்று நாலு மாதம் வரை உள்ளேயே பூட்டி வைத்தால் பயந்த நாய்தான் மிஞ்சும். தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு போங்கள்: திண்ணையில் உட்கார்ந்து தெருவைக் காட்டுங்கள், சந்தை நாளில் தள்ளி நின்று கூட்டத்தைக் காட்டுங்கள், வேட்டி கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், ஆடு, மாடு, மணியோசை என்று எல்லாம். குட்டி ஒதுங்கினால் வற்புறுத்தாமல் தள்ளிப் போங்கள். கல்யாண மேளமும் மைக்செட்டும் ஓயாத ஊர் இது. மெல்லிய சத்தத்தில் போனில் போட்டுக் காட்டித் தீனி கொடுத்துப் பழக்கலாம். தீபாவளிக்கு, வீட்டின் உள்பக்கத்து அறை ஒன்றில் விசிறியும் ரேடியோவும் ஓடவிட்டு யாராவது கூடவே இருங்கள். வேட்டங்குடி சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை. உங்கள் வாசலில் மட்டுமாவது அந்த ஒரு வருடம் வெடிக்காமல் இருக்கலாம்.

வெயில்

பங்குனி முதல் ஆடி வரை காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும்தான் நடை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாதம் சுடும். முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் போகும் வழியைப் பகலில் அடையுங்கள். தண்ணீரை மண்சட்டியில் இரண்டு இடத்தில் வையுங்கள். நாக்கு நீளத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரால் வயிறு, தொடை, பாதம் எல்லாம் நனைத்து, விசிறி போட்டு, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கட்டுக் கட்டாகத் திறப்பது

இரண்டு வாரம் வீட்டுக்குள் ஈரம் செய்யவில்லை என்றால் இரண்டாம் கட்டு முழுவதையும் திறந்துவிடுங்கள். மறுபடி தவறினால் மூலைக்கே திரும்புங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஐந்தாறு மாதத்தில் வளவு, பல் விழுந்து முளைத்த பிறகு முகப்பு. தனியாக இருப்பதையும் இப்படித்தான் பழக்க வேண்டும்: முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, அரை மணி. திரும்பி வந்ததும் கொண்டாட்டம் வேண்டாம்.

கருத்தடை அறுவை சிகிச்சையைப் பற்றி ஆறு மாதம் ஆகும்போது மருத்துவரிடம் கேளுங்கள். பெட்டைக்கு முதல் பருவம் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிடும், சுவர் ஏறிக் குதித்து வரும் கடுவன்களை எந்தக் கதவும் தடுக்காது. அதே சமயத்தில் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள். குடும்பத்தோடு சென்னைக்குப் போகும் நாட்களில் குட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரை இப்போதே வாரம் ஒருமுறை வரச்சொல்லி, அவர் கையால் சாப்பாடு போடச் சொல்லுங்கள். ஊசி அட்டையும் மருத்துவர் எண்ணும் அவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.